அளக்கப்படாத காற்று: தடகளத் தேர்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு நாட்டின் தடகள அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், அந்தத் தேர்வுக்கு முதற்படியாக இருக்கும் மாநிலப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும்,

தேசிய அளவிலான தேர்வுப் போட்டியில் நீளம் தாண்ட இடம் கேட்டு என் மாணவி ஒருத்தி அனுப்பிய விண்ணப்பத்துக்கு நீங்கள் அனுப்பிய பதில் ஒரே ஒரு வரி. காற்றின் வேகம் பதிவு செய்யப்படாமல் தாண்டிய தூரம் தகுதிக்கு ஏற்கப்படாது என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இருந்ததால், அவளுக்கும் அவளுடைய தகப்பனாருக்கும் அதைப் படித்துப் பொருள் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. வடசென்னைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் காலையும் மாலையும் மைதானத்தில்தான் நிற்கிறேன். தோற்றுவிட்டு வரும் பிள்ளைகளைத் தேற்றுவது எனக்குப் பழகிப்போன வேலை. வென்றுவிட்டு வந்த பிள்ளையைத் தேற்ற வேண்டி வந்தது இதுதான் முதல் முறை, எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவும் இல்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு சித்திரையில் சென்னையில் நடந்த மாநில அளவிலான போட்டி ஒன்றில், பெண்கள் நீளம் தாண்டுதல் மாலை நான்கரை மணிக்கு என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிடப்பட்டிருந்தது. பரிசளிக்க வரும் சிறப்பு விருந்தினர் நான்கு மணிக்கே கிளம்பியாக வேண்டும் என்று தகவல் வந்ததும், அதை மதியம் ஒன்றரை மணிக்கு இழுத்துவிட்டார்கள். அதே நேரத்தில் நூறு மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்றுகளும் நடந்துகொண்டிருந்தன. மைதானத்தில் இருந்ததோ ஒரே ஒரு காற்றுமானி. விண்ட் கேஜ் என்று நாங்கள் சொல்வது. அது நூறு மீட்டர் பாதையின் ஓரத்தில் நின்றது. நீளம் தாண்டும் ஓடுபாதையின் பக்கத்தில் அது நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. நான் போய்க் கேட்டபோது, "ஹீட்ஸ் முடிஞ்சதும் கொண்டாந்து வெச்சிடறோம் சார்" என்றார் அங்கிருந்த இளைஞர். அவர் மேல் எனக்குக் குறையில்லை. அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது ஒரு கருவி, கேட்டது இரண்டு இடம். ஹீட்ஸ் முடிவதற்குள் நீளம் தாண்டுதலின் ஆறு வாய்ப்புகளும் முடிந்துவிட்டன.

நான்காவது வாய்ப்பில் என் மாணவி 6.11 மீட்டர் தாண்டினாள். தாண்டல் செல்லும் என்று வெள்ளைக் கொடி உயர்ந்தது. மணலில் அவள் கால் பதிந்த இடத்திலிருந்து காலூன்றித் தாண்டும் பலகையின் விளிம்பு வரை இரும்பு நாடாவை இழுத்துப் பிடித்து, ஒரு முறைக்கு இரு முறை படித்துத்தான் எழுதினார்கள். தேசிய அளவிலான தேர்வுப் போட்டியில் நுழைவதற்கு நீங்கள் கேட்டிருந்ததைவிட அது நான்கு விரற்கடை கூடுதல். காலில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் ஓடிவந்தவள் என்னிடம் முதலில் கேட்டதே, "காத்து எவ்வளவு சார்?" என்றுதான். பின்னாலிருந்து தள்ளும் காற்று அதிகமானால் தூரம் கணக்கில் சேராது என்பதால், தாண்டுகிறவர்களுக்குத் தூரத்தைவிட அந்த எண்ணின் மேல்தான் பயம் அதிகம். அதை அளக்க அங்கே யாரும் இல்லை என்று அந்த நேரத்தில் அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னும் இரண்டு வாய்ப்பு பாக்கி இருந்தது.

மறுநாள் ஒட்டப்பட்ட முடிவுத் தாளில், நூறு மீட்டர் பட்டியலில் ஒவ்வொரு சுற்றுக்கும் நேரே காற்றின் வேகம் எழுதப்பட்டிருந்தது. நீளம் தாண்டுதலில் அந்தக் கட்டத்தில் என்.டபிள்யூ.ஐ. என்ற மூன்று எழுத்துகள். காற்றுத் தகவல் இல்லை என்பதற்கு உலகெங்கும் வழங்கும் சுருக்கம் அது. அவளுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள், அந்தச் சான்றிதழில் 6.11 என்று எழுதியும் கொடுத்தார்கள். பதக்கம் செல்லும், தூரம் செல்லாது. "அப்போ நான் தாண்டுனது கணக்குல இல்லையா சார்?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில், விதி அப்படி என்பதுதான்.

அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னாலிருந்து தள்ளும் காற்று விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தைத் தாண்டினால் குறுகிய தூர ஓட்டங்களின் நேரமும், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் ஆகியவற்றின் தூரமும் சாதனைக் கணக்கில் சேராது என்பதை முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் நான். கருவி பலகையிலிருந்து 20 மீட்டர் தொலைவில், ஓடுபாதையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் விலகாமல், 1.22 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். நீளம் தாண்டுகிறவர் பலகைக்கு 40 மீட்டர் முன்னுள்ள குறியைக் கடந்த நொடியிலிருந்து ஐந்து விநாடி அது காற்றை அளக்க வேண்டும். இத்தனை நுணுக்கமாக விதி எழுதியவர்கள் அதைக் காரணமில்லாமல் எழுதவில்லை. 2022 ஏப்ரலில் கேரளத்தின் தேஞ்ஞிப்பாலத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் நம்முடைய ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். முரளி ஸ்ரீசங்கர் 8.36 தாண்டி இரண்டாவதாக வந்தார். ஆனால் தேசிய சாதனை ஸ்ரீசங்கருக்குத்தான் போனது, ஏனென்றால் ஜெஸ்வின் தாண்டியபோது காற்றின் வேகம் 4.1. அதில் யாருக்கும் மனக்குறை இருந்திருக்க முடியாது. எண் எதிரே எழுதப்பட்டிருந்தது, படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு மார்ச்சில் பெல்லாரி அருகே விஜயநகரில், விதிக்கு உட்பட்ட காற்றிலேயே 8.42 தாண்டி ஜெஸ்வின் அந்தச் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது ஒரு எண்; அதை வைத்துக்கொண்டு அடுத்ததற்கு உழைக்க முடிந்தது. என் மாணவிக்கு அந்த எண்கூடக் கிடைக்கவில்லை.

சென்னையில் விளையாடிப் பழகியவர்களுக்கு நகரத்தின் காற்று தெரியும். கோடையில் முற்பகல் முழுக்க மேற்கிலிருந்து நெருப்பாக அடிக்கும். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வந்ததும் திசை சட்டென மாறும். வராமல் இழுத்தடிக்கும் நாட்களில் ஊரே வெந்து தவிப்பதும், வந்தவுடன் மொட்டைமாடித் துணிகள் எல்லாம் ஒரே பக்கம் பறப்பதும் எங்களுக்குப் புதிதில்லை. அன்றைக்கு அந்த மாற்றம் ஒரு மணிக்கு முன்பே நடந்துவிட்டது. ஓடுபாதை தெற்கிலிருந்து வடக்காக அமைந்தது. காற்று கடலிலிருந்து, குறுக்காக வந்தது. காற்றுமானி ஓடும் திசையில் அமையும் வேகத்தை மட்டும்தான் எண்ணும் என்பதால், நேர்கிழக்கிலிருந்து வந்த காற்றாக இருந்தால் அவளுக்கு அதனால் ஒரு நயாபைசா லாபமில்லை. தென்கிழக்காக இருந்தால் ஓரளவு தள்ளியிருக்கும். எது என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. அவளுடைய தகப்பனார் காசிமேட்டிலிருந்து ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர், காற்றைச் சொல்வதற்குக் கருவி தேவைப்படாதவர். "கொண்டல்தான் சார், குறுக்கால அடிச்சிது, தள்ளவே இல்ல" என்று அவர் அடித்துச் சொல்கிறார். கொண்டல் என்றால் கிழக்குக் காற்று. மகளுக்காகச் சொல்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு கணம் நினைத்தேன். அதனால், நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் அன்று மதியம் பதிவான காற்றின் விவரத்தை எடுத்து என் மேல்முறையீட்டோடு இணைத்து அனுப்பினேன். அது அறியாமைதான், ஒப்புக்கொள்கிறேன். பல கிலோமீட்டர் தள்ளி, வேறு உயரத்தில், வேறு கணக்கில் எடுத்த அளவை நீளம் தாண்டுதலுக்கு ஏற்கக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன். நீங்கள் அதையும் சொல்லவில்லை. அந்த மேல்முறையீட்டுக்கு இதுவரை பதிலே இல்லை.

ஆகவே நிலைமை இதுதான். அவள் காற்றின் தயவில் தாண்டினாள் என்று உங்களால் காட்ட முடியாது. இல்லை என்று எங்களாலும் காட்ட முடியாது. இருவருக்கும் தெரியாத ஒன்றின் முழுச் சுமையையும், அதை அளக்கும் பொறுப்பு சிறிதும் இல்லாத பத்தொன்பது வயதுப் பெண்ணின் மேல் ஏற்றிவிட்டீர்கள். கருவியை வைக்காதவர்களுக்கு அன்று மேடையில் சால்வை போர்த்தினார்கள்.

அவளை அனுப்பியிருந்தால் பதக்கம் கொண்டுவந்திருப்பாள் என்று நான் பேசவில்லை. 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம்முடைய ஆன்சி சோஜன் நீளம் தாண்டுதலில் வெள்ளி வென்றது 6.63 மீட்டரில். 6.11க்கும் அதற்கும் இடையில் அரை மீட்டருக்கு மேல் இருக்கிறது; நீளம் தாண்டுதலில் அரை மீட்டர் என்பது பல ஆண்டு உழைப்பு என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டுக்கு அவள் போயிருப்பாள் என்பதும் என் வாதம் இல்லை. அந்த அணியில் இடம் கேட்டு நாட்டின் சிறந்தவர்களோடு ஒரே மணற்குழியில் நின்று தாண்டும் உரிமையை அவள் தன் காலால் சம்பாதித்திருந்தாள். அந்த ஒரு நாளைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ஆன்சி, ஷைலி சிங் போன்ற நாட்டின் முன்னணி நீளம் தாண்டும் வீராங்கனைகளைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வரும் ஒரு பெண், அடுத்த நாள் காலையில் என் மைதானத்துக்கு வேறு ஆளாகத்தான் வருவாள். பயிற்சியாளர்களாக இருந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சில விரற்கடைகளுக்காக இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் உங்கள் அலுவலகங்களில் இருக்கக் கூடும். தடகளத்தில் பேச வேறு என்ன இருக்கிறது? 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் மும்முறை தாண்டுதலில் எல்தோஸ் பால் 17.03, அப்துல்லா அபூபக்கர் 17.02, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டர். தமிழ்நாட்டின் பிரவீன் சித்திரவேல் 16.89 தாண்டியும் மூன்று சென்டிமீட்டரில் வெண்கலத்தை விட்டார். அடுத்த ஆண்டு ஹாங்சோவில் அவரே வெண்கலத்தைக் கொண்டுவந்தார். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கில் பதக்கத்தை இழந்தபோது எழுதிவைக்கப்பட்ட 55.42 என்ற எண், 39 ஆண்டுகள் யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தது. ஹாங்சோவில் தகுதிச் சுற்றில் கோவையின் வித்யா ராம்ராஜ் துல்லியமாக அதே 55.42இல் ஓடி முடித்தார். இரண்டு தலைமுறைப் பெண்கள் ஒரே கோட்டில் வந்து நின்றதை நாம் அறிய முடிந்ததற்கு ஒரே காரணம், இரண்டு முறையும் அளக்க வேண்டியவர்கள் ஒழுங்காக அளந்திருந்தார்கள் என்பதுதான்.

    

சென்னையில் கருவிக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2022 ஜூனில் தேசிய மாநிலங்களுக்கிடையிலான தடகளப் போட்டி எங்கள் நேரு விளையாட்டரங்கில்தான் நடந்தது. 2024 செப்டம்பரில் தெற்காசிய இளையோர் தடகளப் போட்டியும் அங்கேயே நடந்தது. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வரும்போது பலகைக்குப் பலகை கருவி நிற்கிறது. சொந்த ஊர்ப் பிள்ளைகள் தாண்டும்போதுதான் அது நூறு மீட்டர் பாதைக்குப் போய்விடுகிறது.

விதி என்றால் விதிதான், ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லோரும் கேட்பார்கள் என்று நேரில் போனபோது எனக்குச் சொல்லப்பட்டது. நாட்டின் அணித் தேர்வு அப்படி இரும்பாக நடந்ததாக எனக்கு நினைவில்லை. 2023 செப்டம்பர் 23 அன்று ஹாங்சோ போட்டி தொடங்கவிருந்த நிலையில், ஜூலையில்தான் விளையாட்டு அமைச்சகம் அளவுகோலை அறிவித்தது: தனிநபர் போட்டிகளில், முந்தைய ஆசிய விளையாட்டில் ஆறாம் இடம் பெற்றவரின் அளவைக் கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் எட்டியிருக்க வேண்டும், அணி விளையாட்டுகளில் ஆசியாவின் முதல் எட்டு இடங்களுக்குள் இருக்க வேண்டும். கால்பந்து அணி அதில் தேறவில்லை. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் பிரதமருக்கே பொதுவெளியில் வேண்டுகோள் எழுதினார். மாதம் முடிவதற்குள் ஆடவர், மகளிர் இரு கால்பந்து அணிகளுக்கும் விதி தளர்த்தப்பட்டது. அது தவறென்று நான் சொல்ல வரவில்லை. ஆடவர் அணி அங்கே முதல் சுற்றைக் கடந்து கடைசி பதினாறுக்குள் போனது, அனுப்பியது நல்லதே. தளர்த்த முடியும் என்பதற்கு மட்டும் அதைச் சொல்கிறேன்.

தேஜஸ்வின் சங்கர் கதையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பர்மிங்ஹாமுக்கு உயரம் தாண்டுதலில் நிர்ணயிக்கப்பட்ட 2.27 மீட்டரை அவர் அமெரிக்கப் பல்கலைக்கழகப் போட்டியில் தாண்டியிருந்தார். சென்னையில் நடந்த அந்த 2022 ஜூன் போட்டிக்கு வரவில்லை என்பதற்காக அவர் பெயர் விடப்பட்டது. அவர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்; இழுபறிக்குப் பிறகு கடைசி நேரத்தில் அணியில் சேர்க்கப்பட்டார்; 2.22 தாண்டி வெண்கலத்தோடு திரும்பினார். காமன்வெல்த் போட்டிகளில் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. நீதிமன்றம் தலையிட்டிருக்காவிட்டால் அந்த முதல் பதக்கம் இன்றைக்கும் வராமலே இருந்திருக்கலாம். கடலுக்குப் போகிறவர் வழக்கறிஞரை எங்கே தேடுவார்? அதற்கான வழியை நான் விசாரித்தேன். வழக்கு எண் கிடைப்பதற்குள் தேர்வுப் போட்டி முடிந்துவிடும் என்றார்கள். முடிந்தும்விட்டது.

வேறு மாநிலத்தில் நடந்த அந்தத் தேர்வுப் போட்டியை அவள் என் கைப்பேசியில் பார்த்தாள். மைதானத்துத் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தி தாண்டும்போதும் திரையில் வரும் காற்றின் வேகத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். தூரத்தை எழுதவில்லை. எதற்கம்மா இது என்று கேட்டேன். "சும்மாதான் சார்" என்றாள்.

இனி என் கோரிக்கைகள். நீங்கள் அங்கீகரிக்கும் எந்த மாநிலப் போட்டியிலும் நீளம் தாண்டுதலும் மும்முறை தாண்டுதலும் காற்றுமானி இல்லாமல் தொடங்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது என்றால் தாண்டுதலையும் குறுகிய ஓட்டங்களையும் ஒரே நேரத்தில் வைக்க நடுவர்களுக்கு அதிகாரம் இல்லை என்பதையும் அதிலேயே சேருங்கள். விருந்தினருக்காக நேரத்தை மாற்றும் வழக்கம் தடகளப் போட்டிக்குள் வரவே கூடாது. பரிசை யார் கையால் வாங்கினாலும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான். நடத்துகிறவர்களின் குறையால் காற்று பதிவாகாமல் போகும்போது, தகுதி அளவைத் தாண்டியவருக்குப் பதினைந்து நாட்களுக்குள் உங்கள் நடுவர் முன்னிலையில், முறையான கருவிகளோடு, மூன்று வாய்ப்பு கொடுங்கள். அதற்கு ஆகும் செலவைக் கருவி வைக்காதவர்களிடம் வாங்குங்கள்.

ஆசிய விளையாட்டுக்கான தகுதி அளவுகளும் தேர்வுப் போட்டிகளின் விவரமும் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே எல்லா மாநிலங்களுக்கும், மாநில மொழிகளிலும் போய்ச் சேர வேண்டும். ஒரு விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தையும், மேல்முறையீட்டை யாரிடம் எத்தனை நாளில் செய்யலாம் என்பதையும் அந்த மறுப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். மேல்முறையீட்டுக்குத் தேர்வுப் போட்டி தொடங்கும் முன் பதில் சொல்லுங்கள்.

என் மாணவியைப் பொறுத்தவரை, இந்த ஆண்டு போனது போனதுதான். அடுத்து நடக்கும் தேசிய அளவிலான போட்டியில் அவள் பங்கேற்க, அந்த 6.11ஐ ஏற்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. காற்றுமானி நிற்கும் ஓர் ஓடுபாதையில், உங்கள் ஆட்கள் பார்த்திருக்க, அவளை ஒரு முறை தாண்டச் சொல்லுங்கள். நாளையும் இடத்தையும் நீங்களே குறியுங்கள், காற்று எந்தத் திசையில் அடித்தாலும் சரி. ஒரு மாதத்துக்குள் பதில் வேண்டும். அதை எனக்கு எழுத வேண்டாம். விண்ணப்பத்தில் முகவரி இருக்கிறது, அவள் பெயருக்கே எழுதுங்கள். தமிழில் எழுதினால் அவளுடைய தகப்பனாரும் படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
சென்னை